மடை திறந்தவன் பங்கு

எங்கய்யா மடைக்குடும்பன். கரிவலம்வந்தநல்லூருக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊரு. மலையில மழை பெஞ்சு நிட்சேப நதியில தண்ணி வந்தாத்தான் எங்க பக்கத்துக் குளங்களுக்கு உயிரு. ஐப்பசி கார்த்திகையில குளம் பெருகுனா பிசானத்துக்கு நடுவாக. அன்னையில இருந்து அறுப்பு முடியிற வரைக்கும் எங்கய்யா வீட்டுல படுத்தது கெடையாது. மண்வெட்டியும் ஒரு சாக்கும் எடுத்துக்கிட்டுக் கரையிலயே கெடப்பாரு. முங்கி மடையத் தெறக்கணும். எந்த வயலுக்கு எத்தன நாழின்னு கணக்குப் பாத்து வெட்டி விடணும். கரையில ஓட்டை விழுந்தா நடுச்சாமத்துலயும் அடைக்கணும். இதுக்கு அறுப்புக் களத்துல நெல்லு அளப்பாக. அந்த நெல்லுக்குப் பேரு ‘சுதந்திரம்’. 1947க்கு முன்னாலயும் பின்னாலயும் எங்க வீட்டுக்கு வந்து சேந்த சுதந்திரம் அந்த மரக்கா நெல்லுதான்.

எங்களுக்கும் முக்கா ஏக்கர் இருந்துச்சு. வாய்க்கா அதோட வரப்ப ஒட்டித்தான் போகும். ஆனா பதிவேட்டுல அது புஞ்சை. ஆயக்கட்டுல சேராது. ஆகவே முறைத் தண்ணி கெடையாது.

ஒரு வருசம் மழை பாதியில நின்னுபோச்சு. எங்க பருத்தி காய் பிடிக்கிற நேரத்துல வாட ஆரம்பிச்சிருச்சு. அம்மா சொன்னா: “ஒரு நாழி வெட்டி விட்டா புள்ளைக கஞ்சி குடிக்கும். இந்த ராத்திரியில யாரு பாக்கப் போறா?”

அய்யா சொன்னாரு: “நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்.”

பருத்தி கருகிப்போச்சு. குளத்துல கெடந்த கொஞ்சத் தண்ணி முறைப்படி நஞ்சைக்குப் போச்சு. “குடும்பன் மாதிரி நியாயஸ்தன் கெடையாதுலே”ன்னு பண்ணை வீட்டுத் திண்ணையில பேசிக்கிட்டாக. அந்தப் பேச்சக் கேட்ட வாரத்துலதான் அம்மா கம்மல அடகு வச்சா.

எங்கய்யா செய்தது நியாயமா? இத்தனை வருசமாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

தண்ணீர் விசயத்தில் இரண்டு நியாயங்கள் உண்டு. ஒன்று, பங்கை ஒழுங்காகப் பிரிப்பது. இன்னொன்று, பங்காளி யார் என்று தீர்மானிப்பது. முதல் நியாயத்தை எங்கய்யாவிடம் ஒப்படைத்தார்கள். அதில் அவர் ஒரு சொட்டுக்கூடத் தவறவில்லை. இரண்டாவது நியாயத்தை எங்கள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்தார்கள். பிரிப்பதில் இருந்த நேர்மையைக் காட்டியே உரிமையில் இருந்த அநியாயத்தை மறைத்துவிட்டார்கள். அவர்கள் எங்கய்யாவைப் பாராட்டியதற்கு இதுதான் அர்த்தம்.

இது ஒரு ஊரின் கதை மட்டுமல்ல. சென்னை மாகாணத்தில் 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. கரை உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்து ‘உழைக்கும் வகுப்பு’ ஆண்களில் உடல்வலு உள்ளவர்களை வேலைக்கு அழைக்க அது அதிகாரம் கொடுத்தது. கரையைக் காப்பாற்ற ஆள் தேடியபோது சட்டத்தின் கண்ணுக்கு நாம் தெரிந்தோம். பின்னால் தமிழ்நாட்டில் ‘விவசாயிகள் நீர்ப்பாசன முறைகள் மேலாண்மைச் சட்டம், 2000’ வந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் வந்தன. அங்கே ஆயக்கட்டு நிலத்தை வைத்துத்தான் உறுப்பினர். தண்ணீரைப் பேசி முடிவெடுக்க ஆள் தேடியபோது முங்கி மடை திறந்தவன் கண்ணில் படவில்லை.

பம்புசெட்டு வருவதற்கு முன்னால் கிணற்றுப் பாசனம் கமலையில் நடந்தது. கூனையின் தோல் வாலைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். அந்தத் தோல் வழியாக வந்த தண்ணீரில் நெல் விளைந்தது. அந்த நெல் சாமிக்குப் படையலும் ஆனது. அதில் தீட்டு இல்லை. தைத்தவன் கை குடிதண்ணீர்க் கிணற்றில் பட்டால் மட்டும் தீட்டு! ஆக, தீட்டு என்பது தோலிலும் இல்லை, தண்ணீரிலும் இல்லை. யாருக்கு எது உரிமை என்பதில்தான் இருக்கிறது.

1927 மார்ச் 20 அன்று மகத்தில் அம்பேத்கர் குளத்து நீரை அள்ளிக் குடித்ததை நாம் மறக்கவில்லை. 1892 உத்தரவில் கிடைத்த பஞ்சமி நிலத்தை மீட்க 1994இல் நடந்த காரணைப் போராட்டத்தில் இரண்டு பேர் உயிரைக் கொடுத்தார்கள். குடிக்கிற தண்ணீரைக் கேட்டோம். நிலத்தைக் கேட்டோம். விளைய வைக்கிற தண்ணீரைத் தனியாக, உரக்கக் கேட்டோமா? தண்ணீர் இல்லாத தரிசை ஒப்படைத்துவிட்டு, ‘விக்கத்தான் தெரியும் இவனுகளுக்கு’ என்று ஏளனம் பேசுவது எவ்வளவு சுலபம்!

சலுகைகள் இல்லாமல் இல்லை. 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அதை வாங்க முதலில் கிணறு வேண்டும். சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீருக்கு முழு மானியம் உண்டு. அதை வாங்கப் பட்டாவும் நீர் ஆதாரமும் வேண்டும். வாரத்துக்கு உழுகிறவனும் குத்தகைக்குக் களை பறிக்கிறவளும் எந்தக் காகிதத்தை நீட்டுவார்கள்?

வேறு வழியே இல்லையா? இருந்திருக்கிறது. மகாராஷ்டிராவில் 1972 பஞ்சத்துக்குப் பிறகு புரந்தர் வட்டாரத்தில் விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கிய பானி பஞ்சாயத்து, தண்ணீரை நிலக் கணக்கில் பிரிக்கவில்லை. தலைக் கணக்கில் பிரித்தது. நிலமில்லாதவருக்கும் பங்கு உண்டு. தண்ணீரைக் குடிக்கும் கரும்புக்கு இடமில்லை. பிலிப்பைன்ஸின் இலோகோஸ் பகுதியில் வாய்க்கால் வெட்டிய நிலமற்றவர்கள் தங்கள் உழைப்புக்கு ஈடாக நிலத்திலேயே பங்கு பெற்றார்கள். ஆக, நிலம் உள்ளவனுக்கே தண்ணீர் என்பது இயற்கை விதி இல்லை. மனுசன் போட்ட விதி, மனுசன் மாற்றலாம்.

இதை எழுதும்போது ஒன்றை மறைக்க முடியவில்லை. அய்யா போன பிறகு அதே முக்கா ஏக்கரில் தம்பி போர் போட்டான். மின் இணைப்பும் கிடைத்தது. பக்கத்து வயலைக் குத்தகைக்கு எடுத்து மிளகாய் போட்டிருந்த அருந்ததியர் அக்கா ஒருத்தி தண்ணீர் கேட்டு வந்தாள். தம்பி மணிக்கு இவ்வளவு என்று விலை சொன்னான். இலவச மின்சாரத்தில் வந்த தண்ணிக்கு எதுக்குலே விலைன்னு கேட்டேன். “அய்யா நியாயம் பாத்தாரே, நமக்கு என்ன கெடச்சுது?” என்றான். அன்று எனக்குப் பதில் வரவில்லை. அந்த அக்கா குடத்தில் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

இப்போது சொல்கிறேன். தம்பி கேட்டது சரியான கேள்விதான். ஆனா கேக்க வேண்டிய எடம் அந்த அக்கா இல்ல. பண்ணை வீட்டுத் திண்ணையிலயும், சங்கரன்கோவில் தாலுகா ஆபீசுலயும், நீரைப் பயன்படுத்துவோர் சங்கக் கூட்டத்துலயும் கேக்க வேண்டிய கேள்வி அது. கரையில் உழைக்கிறவர், வாரத்துக்கு உழுகிறவர், களை பறிக்கிற பெண் எல்லாரும் அந்தச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். தலைக்கு ஒரு பங்கு வேண்டும். அதை அங்கே கேட்பதற்கு முன்னால், நம் வரப்பில் குடத்தோடு நிற்கிறவளுக்கு நாம் மடை திறக்க வேண்டும்.