சாதியை நீத்தோர் நீதி கேட்கலாமா?

பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஒரு காலத்தில் நெசவுப் பகுதியின் கதவு, தீண்டப்படாதார் எனப்பட்ட உழைப்பாளருக்கு அடைக்கப்பட்டிருந்தது. நாடாவில் நூலைக் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும். அவர் வாய் பட்ட நூலைப் பிறர் தொடார் என்பது சொல்லப்பட்ட காரணம். கூலி மிகுந்த பகுதியும் அதுவே. 1928-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது டாக்டர் அம்பேத்கர் அவர்கள் இக்கொடுமையை எடுத்துரைத்தார். அதன்பொருட்டு ஆலை முதலாளிமீது வழக்குத் தொடுக்க அன்று சட்டம் இல்லை.

இன்று சட்டம் உண்டு. ஆயினும் நம்மவரிடையே ஒரு கேள்வி எழக் காண்கிறோம். சாதியை நீத்துப் பௌத்தரானோம். வேலைத்தளத்தில் இழிவு நேர்ந்தால், அட்டவணைச் சாதியார் என்னும் பெயரைச் சொல்லி நீதி கேட்பது முறையாகுமா? கைவிட்டதை மீண்டும் கையில் எடுப்பதாகாதா? பொறுத்துக்கொள்வதன்றோ அறம்? இக்கேள்வியை எள்ளுதல் தகாது. அது தன்மானத்தினின்றும் பிறந்தது.

முதற்கண் சட்டம் கூறுவதைத் தெளிவோம். அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு அரசு வேலையில் சாதி, மதம் முதலியவற்றால் வேற்றுமை பாராட்டலாகாது என்கிறது. தனியார் முதலாளியை அது கட்டாது. 17-ஆம் பிரிவோ தீண்டாமையையே ஒழித்தது. அரசையும் தனியாரையும் ஒருங்கே கட்டுவது அது. அதனை நிறைவேற்ற 1955-இல் இயற்றப்பட்ட சட்டம், 1976 முதல் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. தீண்டாமை காரணமாக ஒருவரைத் தொழிலினின்றோ வேலையினின்றோ விலக்கினால், ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும் அபராதமும் உண்டு.

அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவை ஊன்றிக் கவனிக்க வேண்டும். துன்புற்றவர் அட்டவணைச் சாதியாராயின், அக்குற்றம் தீண்டாமை காரணமாகவே நிகழ்ந்தது என நீதிமன்றம் கொள்ளும். அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு எதிரியைச் சேர்ந்தது. மேலதிகாரியின் உள்ளத்தில் இருந்ததை ஏழைத் தொழிலாளி எங்ஙனம் மெய்ப்பிப்பான்? ஆதலின் இப்பிரிவே வழக்கிற்கு உயிர்நாடி.

அவ்வுயிர்நாடி நமக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையில் பௌத்தருக்கு இடமில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் தம்மம் தழுவியோர் மத்திய அரசின் பட்டியலுக்குப் புறம்பாயினர். 1990-இல் பாராளுமன்றம் ஆணையைத் திருத்தும் வரை அந்நிலை நீடித்தது. அந்த 34 ஆண்டுகளில் தொழிலாளியின் மதம் மாறியது. மேற்பார்வையாளனின் கண் மாறிற்றா? தனியே வைத்த தண்ணீர்க் குவளை மாறிற்றா? இல்லையே! கொடுமை அப்படியே இருக்க, காவல் மட்டும் நீங்கிற்று.

நம் கேள்விக்கு விடையும் இதிலேயே அடங்கியுள்ளது. சாதி, துன்புற்றவனின் உடலில் இருப்பதன்று. இழிவு செய்பவனின் செயலில் இருப்பது. சான்றிதழ் நாம் யாவர் என்பதைக் கூறவில்லை; பிறர் நம்மை என்ன செய்தனர், இன்னும் என்ன செய்யக்கூடும் என்பதையே கூறுகிறது. பாம்பு கடித்தவன் வைத்தியரிடம் கடித்த பாம்பின் பெயரைச் சொல்கிறான். அதனால் அப்பாம்பைத் தன் குலமென ஏற்றவனாகான்.

இனிப் பொறுமையைப் பற்றி ஆராய்வோம். சங்கத்தில் எழும் வழக்குகளைத் தீர்க்க ஏழு முறைகளைப் புத்தர் பெருமான் வகுத்தார். குற்றம் சாட்டுவோர் காலமறிந்து, உண்மையாக, மென்மையாக, பயன் கருதி, அன்புள்ளத்தோடு பேச வேண்டும் என்றார். வாய்மூடி இருக்கச் சொல்லவில்லை. அவ்விநய விதிகளை முதற் பேரவையில் எடுத்தோதியவர் உபாலி தேரர். சாக்கியருக்கு முடிதிருத்திய தொழிலாளி. பகையை நெஞ்சில் வளர்க்காதிருத்தலே பொறுமை. நெஞ்சில் பகையின்றியும் வழக்குத் தொடுக்கலாம். மேலும், ஒருவன் தனக்கு நேர்ந்ததைப் பொறுக்கலாம். நாளை அதே இடத்திற்கு வரும் மற்றொருவனுக்கு நேரப்போவதைப் பொறுக்க இவனுக்கு ஏது உரிமை?

இவ்வாதம் மெய்யாயின் அது நம்மளவில் நில்லாது. சென்னை வீதியோரத்தில் செருப்புத் தைத்து வாழ்ந்த ஆதிதிராவிடக் கிறித்தவர் ஒருவர், இந்துத் தொழிலாளருக்கு அரசு வழங்கிய சிறுகடை தமக்கு மறுக்கப்பட்டதென உச்ச நீதிமன்றம் சென்றார். மதம் மாறிய பின்னும் அவ்விழிவு நீடிக்கிறது என்பதற்குப் போதிய சான்றில்லை என 1985-இல் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்னும் அப்பட்டியலுக்குப் புறம்பாகவே உள்ளனர். நமக்கு நியாயமெனக் கேட்டதை அவருக்கும் நியாயமெனச் சொல்லத் துணியோமாயின், நாம் கேட்டது நீதியன்று, சலுகையே.

செய்ய வேண்டுவன சில. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015-இல் திருத்தப்பட்டபின், வேலை செய்ய விடாது தடுப்பதையும் வன்கொடுமையாகக் கொள்கிறது. சாதிப் பெயர் சொல்லி இகழ்ந்த குற்றமோ பிறர் காணும் இடத்தில் நிகழ்ந்திருத்தல் வேண்டும். எனவே நாள், இடம், சொல், உடனிருந்தோர் ஆகியவற்றை அன்றே குறித்து வைக்க வேண்டும். முறையீட்டை எழுத்தில் கொடுத்து, நகலைப் பேண வேண்டும். 338-ஆம் பிரிவின்படி அமைந்த தேசிய ஆணையம், சாட்சிகளை அழைத்து விசாரிக்கும் அதிகாரமுடையது. ஆயினும் அது பரிந்துரைக்குமேயன்றித் தண்டிக்காது. தண்டனைக்கு நீதிமன்றமே வழி.

இவற்றுள் அரியது சாட்சி. வழக்குத் தொடுப்பவன் ஒருவனே. அவன் பக்கத்தில் நின்று வேலை செய்வோர் பலர். கண்டதைக் கண்டபடி சொல்ல அவர்கள் அஞ்சினால், எத்துணைச் சட்டம் இருந்தும் பயனில்லை. அவ்வச்சத்தை நீக்க, சாட்சி சொல்ல முன்வருவோரோடு நீதிமன்ற வாயில்வரை உடன் செல்லுதல் நம் சங்கத்தார் ஒவ்வொருவரின் கடமையாகும்.