பயந்த நாயை யாரிடம் ஒப்படைப்பது?



காவலுக்குப் பேர்போன இராஜபாளையம் நாய் 2005-ம் வருஷம் தபால்தலையிலேயே இடம்பெற்றது. அப்பேர்ப்பட்ட ஊருக்குப் பக்கத்திலுள்ள நம் சோழபுரத்தில், காலடிச் சத்தத்துக்கே கட்டிலடியில் ஒளியும் சின்ன நாயை யார் கேட்பார்? தெருவிலிருந்து இரக்கப்பட்டு எடுத்தீர்கள். இனி வைத்திருக்க இயலவில்லை. நியாயமான காரணமின்றிப் பசி தாகத்தில் வருந்தும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். அது உங்களுக்கும் தெரியும்.

ஆனால், “நல்ல காவல் நாய்” என்று சொல்லித் தள்ளிவிட்டால்? வாங்கியவர் வாசலில் கட்டுவார், குரைக்காவிட்டால் விரட்டுவார். பொய் உங்களுடையது, அடி நாய்க்கு. இதுவும் கைவிடுவதுதானே?

பயத்தை உள்ளபடி சொல்லுங்கள். பத்துப்பேர் வேண்டாமென்று போகட்டும். சந்தடியில்லாத வீட்டில் பொறுமையுள்ள ஒருவர் அகப்படுவார். அங்கே இரண்டு மூன்று முறை நீங்களே கூட்டிப்போய்ப் பழக்குங்கள். அது படுத்த பழஞ்சாக்கையும் மறவாமல் கொடுங்கள். பழகிய வாசனை இருந்தால் முதல் இரவு சற்று எளிதாய்க் கழியும்.