மறைந்தது வேறு, போனது வேறு

மதரஸாவில் ஒளு, அதாவது தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும் முறை, பாடமாக நடந்த அன்று ஆலிம்சா கேட்டார்: "ஹவுள் தொட்டித் தண்ணியில நஜீஸ் விழுந்து வாடை அடிக்குது. கஸ்தூரியைக் கரைச்சு ஊத்துனா வாடை தெரியாது. ஒளு செய்யலாமா?" "செய்யலாம்" என்று கத்தினோம். அவர் தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "மறைஞ்சது வேற, போனது வேற."

எங்கள் ஷாபிஈ மத்ஹபின் சட்டம் அது. தண்ணீர் இரண்டு குல்லத்து, அதாவது ஏறக்குறைய 200 லிட்டர் இருந்தால், நஜீஸ், அதாவது அசுத்தப் பொருள், விழுந்ததால் மட்டும் அசுத்தமாகிவிடாது. நிறம், ருசி, வாடை மூன்றில் ஒன்று மாற வேண்டும். மாறியது தானாகவோ, மேலும் தண்ணீர் சேர்ந்தோ நீங்கினால் மறுபடியும் சுத்தம். வாசனையைப் போட்டு அமுக்கினால் சுத்தமில்லை.

அது எனக்கு விளங்கியது சவூதியில், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தபோது. காற்றூட்டும் தொட்டியில் பழுப்பு நிறத்தில் நுரைத்துக்கொண்டிருக்கும் தண்ணீரில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்றுகொண்டிருக்கும். ப்ளோயர் சில மணி நேரம் நின்றால் போதும், மூச்சில்லாமல் அவை திணறும். அழுகிய முட்டை வாடை கிளம்பிவிடும். ஓடினால், கடைசித் தொட்டியில் வண்டல் அடியில் தங்கி, மேலே தெளிந்த நீர் வழியும். அப்படி முறையாகச் சுத்திகரித்து, மூன்று குணமும் திரும்பிய நீரில் ஒளு செய்யலாம் என்று அந்த நாட்டு மூத்த உலமாக்கள் சபை 1978-இலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தது. குடிப்பதற்கு, உடல்நலத்துக்குக் கேடு இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இருக்கும் என் ஊருக்குத் திரும்பினேன். எங்கள் வீட்டுக் கழிவறைத் தொட்டி வாப்பா கட்டியது. "முப்பது வருஷமா நெறம்பவே இல்ல" என்று பெருமையாகச் சொல்வார். நிரம்பாது. அதற்கு அடியே கிடையாது. மணல் பூமி, நாலு முழம் தோண்டினால் ஊற்று. இருபதடி தள்ளிக் கிணறு.

கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுத்தேன். நிறமில்லை, வாடையில்லை, ருசியில் வழக்கமான உவர்ப்பு மட்டுமே. சோதனைத் தாளில், மலக் கிருமியான ஈகோலி இருக்கிறது என்று வந்தது.

சட்டப்படி அந்த நீரில் ஒளு கூடும். அந்தச் சட்டம் வந்த காலத்துப் பாலைவனப் பயணிக்கு மூக்கையும் நாக்கையும் கண்ணையும் தவிர வேறு கருவி ஏது? சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தாளைப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் பயணியின் சாக்கு இல்லை. நிலத்தடி நீர் கடலை நோக்கி நகர்கிறது. நடுவில் பக்கத்து வீட்டுக் கிணறு. அந்த வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அது என் தொழுகையால் தீரும் கணக்கல்ல. இறைவனுக்குப் பட்ட கடனை அவன் மன்னிப்பான், அடியானுக்குப் பட்டதை அந்த அடியானே மன்னிக்க வேண்டும் என்று கேட்டே வளர்ந்தோம். தெரியாத கடனுக்கு மன்னிப்பு கேட்பது எப்படி?

கொத்தனாரை வைத்துத் தொட்டிக்கு அடி போட்டேன். இரண்டாம் வருஷமே நிரம்பியது. லாரி வந்தது, உறிஞ்சியது. ஓட்டுநரிடம், "எங்க கொண்டு போய் ஊத்துவீங்க தம்பி?" என்றேன். "அத ஏன் கேக்குறீங்க பாய்" என்று சிரித்தார்.

லாரி கடற்கரைப் பக்கம் திரும்பியது. என் வீட்டுத் தொட்டிக்குத்தான் அடி போட்டிருந்தேன்.