துக்கத்தைக் கேட்கும் செவி



பகவான் உரைத்த வாய்மை நான்கனுள் முதலாவது துக்கம். அதனை முற்றும் அறிதல் வேண்டும் என்பதே அவர் வகுத்த கடமை. அறிதல் வேறு, சுவைத்தல் வேறு. இவ்வேறுபாட்டை விளக்க மேனாட்டுச் செய்தியொன்று கூறுவோம்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தில் 1976-ஆம் ஆண்டு முளைத்த இளைஞர் இசைக்குழுவொன்று, பின்னர் ‘ஜாய் டிவிஷன்’ எனப் பெயர் பெற்றது. அதன் பாடகர் இயன் கர்ட்டிஸ். பாட்டின் சொற்களும் அவருடையனவே. அச்சமும் தனிமையும் குற்றவுணர்வும் அவற்றின் பொருள். குழுவின் இசைக்கு நிறம் தந்தவையும் அவையே. 1979-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவருக்கு வலிப்பு நோய் என மருத்துவர் கண்டனர். மனச்சோர்வும் உடன் வருத்திற்று. மேடையிலே வலிப்புக் கண்டபோது, அதுவும் ஆட்டமே என எண்ணிக் களித்தோர் உண்டு. அப்பாடல்கள் அவர்தம் நெஞ்சின் முறையீடே என்பதை அன்று உணரவில்லையெனத் தோழர்கள் பிற்காலத்தில் வருந்தினர். 1980-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள், அமெரிக்கப் பயணம் புறப்படவிருந்த தறுவாயில், தமது 23-ஆம் வயதில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இரு மாதங்களுக்குப் பின் வெளிவந்த ‘குளோசர்’ இசைத்தட்டை உலகம் போற்றிற்று.

விநயத்திலே ஒரு வரலாறு உண்டு. வயிற்று நோயால் தம் மலசலத்திலேயே கிடந்த பிக்ஷு ஒருவரைப் பகவான் கண்டார். ஆனந்தருடன் தாமே அவரை நீராட்டிக் கட்டிலில் கிடத்தினார். பிறர் ஏன் பேணவில்லை என வினவியபோது, அவரால் மற்றையோர்க்குப் பயனில்லை என்பதே விடையாயிற்று. பெற்றோரைத் துறந்து வந்தவர்கள் ஒருவரையொருவர் பேணுதலே முறையெனப் பகவான் இடித்துரைத்தார்.

பயனில்லாமையால் பிக்ஷு கைவிடப்பட்டார். பாடகரது துயரமோ பயன் தந்தது. ஆதலின் அது நோயெனத் தோன்றாது கலையெனத் தோன்றிற்று. இரண்டிடத்தும் பிழை ஒன்றே: பயனைக் கண்டு மனிதனைக் காணாமை.

நமக்கு இது புறக்கதையன்று. நம் முன்னோரது பறையொலியைத் திருவிழாவிற்கும் சாவிற்கும் வேண்டிய ஊரார், அதனை அடித்த கையைத் தீண்ட மறுத்தனர். தம்மம் புகுந்த நாம் அவ்வூராரைப் போல் ஆகலாகாது.

பெங்களூரில் நம் பிள்ளைகள் கிட்டார் ஏந்தித் துயரப் பாட்டுப் பாடுவாராயின், பாட்டைப் புகழ்வதோடு நில்லாதீர். அருகமர்ந்து, உண்டாயா, உறங்கினாயா எனக் கேளுங்கள். சாகும் எண்ணம் உளதோ என நேரே வினவுதலும் தகும். வினாவினால் அவ்வெண்ணம் விளைவதில்லை. தியானமே போதுமென்று மருத்துவத்தைத் தடுக்காதீர். ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிலையம் உண்டு. அரசின் டெலி மானஸ் உதவி எண்ணாகிய 14416 இரவும் பகலும் இலவசமாய்த் துணைபுரியும். கைப்பற்றி அழைத்துச் செல்லும் அன்பர் இருக்குமிடமே சங்கம்.

எல்லா உயிர்களும் நலம் பெறுக!