மீகானுக்கு மீட்பு உண்டா?

1950 ஏப்ரல் 14 அன்று பிரிட்டனில் வெளிவரத் தொடங்கிய 'ஈகிள்' என்னும் சிறுவர் வார இதழை நிறுவியவர், சவுத்போர்ட் நகரின் பர்க்டேல் பகுதியில் ஆங்கிலிக்கன் திருச்சபைக் குருவாக இருந்த மார்க்கஸ் மோரிஸ் ஆவார். அமெரிக்கத் திகில் படக்கதைகள் சிறுவர் மனத்தைக் கெடுப்பதாக அதற்கு முந்தைய ஆண்டே செய்தித்தாளில் எழுதி எச்சரித்தவரும் அவரே. அவரும் ஓவியர் பிராங்க் ஹாம்ப்சனும் முதலில் எண்ணியிருந்த நாயகன், கிழக்கு லண்டனின் ஏழைக் குடியிருப்புகளில் தொண்டாற்றும் லெக்ஸ் கிறிஸ்டியன் என்னும் போதகர். அடுத்த வரைவில் அந்தப் பாத்திரம் விண்வெளிப் படையின் குருவானவராக மாறி, அச்சேறும் வேளையில் குருவுடையையும் களைந்துவிட்டு, டான் டேர் என்னும் விண்கல விமானியாக முதற்பக்கத்தில் வந்து நின்றது. வெளிப்படையான சமயக் கதை பின்பக்கத்துக்குப் போயிற்று. புனித பவுலின் வாழ்க்கை அங்கே தொடராக வெளிவந்தது.

நாயகனிடமிருந்து கழற்றப்பட்ட இறையியல் கதையை விட்டு முழுதும் நீங்கிவிடவில்லை. அது எதிரியின் பக்கம் ஒதுங்கியது. பசியால் வாடும் பூமிக்கு உணவு தேடி வெள்ளிக் கோளுக்குச் செல்லும் டான் டேர் அங்கே எதிர்கொள்ளும் ட்ரீன்கள், அறிவு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு, உணர்ச்சியைக் குறைபாடாகக் கருதும் பச்சை நிற மக்கள். அவர்களை ஆளும் மீகான், பேரறிவுக்கென்றே ட்ரீன் அறிவியலால் உருவாக்கப்பட்டவன். தலை பெருத்து, கைகால்கள் சூம்பி, நடக்க வேண்டிய தேவையே இல்லாமல் மிதக்கும் இருக்கையில் உலவுபவன். தீமை என்பது தனித்த ஒரு பொருளன்று, இருந்திருக்க வேண்டிய நன்மையின் இன்மையே என்ற புனித அகுஸ்தீனாரின் கொள்கைக்குச் சிறுவர் இலக்கியத்தில் இதைவிடப் பொருத்தமான உருவம் கிடைப்பது அரிது.

எனினும் அந்தக் கொள்கையே இங்கு ஒரு சிக்கலையும் எழுப்புகிறது. இருக்க வேண்டியது இல்லாதபோதுதான் அது குறை. கல்லுக்குப் பார்வை இல்லாததைக் குருடு என்று எவரும் சொல்வதில்லை. பரிவு கொள்ளும் ஆற்றலே இல்லாதவனாக மீகான் படைக்கப்பட்டிருந்தால் அவனைக் குற்றவாளி என்பது எப்படிப் பொருந்தும், பழி அவனை உருவாக்கியவர்களையல்லவா சேரும் என்ற கேள்விக்குக் கதை நேரடியாக விடை சொல்வதில்லை. ஆனால் சொண்டார் என்னும் ட்ரீன் மனம் மாறி டான் டேரின் நண்பனாவதும், தோற்ற பின் ட்ரீன்கள் அழிக்கப்படாமல் புதிய ஆட்சியின்கீழ் வாழ விடப்படுவதும், அந்த இனத்துக்குள் பரிவு புதைந்து கிடந்ததே தவிர அற்றுப்போகவில்லை என்பதைக் காட்டுகின்றன. அப்படியானால் மீகான் கல் அல்லன், கண்ணை மூடிக்கொண்டவன்.

இந்தச் சிக்கலில் பழைய படக்கதை செய்த ஒரு பிழையை, 2002இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான டான் டேர் கணினி அசைவூட்டத் தொடர் தன்னை அறியாமலே திருத்தியது எனலாம். உணர்ச்சியின்மையும் அன்பின்மையும் ஒன்றே என்பதுபோல் படக்கதை எழுதப்பட்டிருந்தது. தம் குழுவினரையே மாதிரிகளாக நிறுத்தி வரைந்த ஹாம்ப்சனின் கையில், மனிதரின் அச்சமும் இரக்கமும் அவர்கள் முகத்திலேயே தெரிந்ததால் அந்த மயக்கம் எளிதில் ஒட்டிக்கொண்டது. இருபத்தாறு பகுதிகள் கொண்ட புதிய தொடர் உருவான காலத்திலோ மனிதத் தோலையும் விழியையும் இயல்பாகக் காட்டும் அளவுக்குக் கணினி வரைகலை வளர்ந்திருக்கவில்லை. மீகானின் மயிரற்ற வழவழப்பான தலைக்கு அந்தக் குறை பெரிதாகப் படவில்லை, டான் டேரின் முகத்துக்கோ பட்டது. இரக்கமுள்ளவன் மரப்பாவைபோல் தெரிய, இரக்கமற்றவன் உயிரோட்டத்துடன் திகழும் இந்தத் தலைகீழ் நிலையில், ஒருவன் நல்லவன் என்பதை முகத்தைக் கொண்டு அறிய வழியின்றி அவன் செயலைக் கொண்டே அறிய வேண்டியதாகிறது.

இறையியலும் இதையே சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிந்தனையாளரான தாமஸ் அக்குவினாஸ், இறையன்பு உடலைச் சார்ந்த உணர்ச்சியில் அன்றி விருப்பாற்றலில், அதாவது நன்மையைத் தேர்ந்துகொள்ளும் ஆன்ம வலிமையில் குடிகொள்வது என்றார். அவர் விளக்கத்தின்படி வானதூதர்கள் உடலற்ற தூய அறிவுகள். உடலின் கிளர்ச்சிகள் அவர்களுக்கு இல்லை, ஆயினும் அவர்களுள் நல்லவர்கள் அன்பு செய்கிறார்கள். ஆகவே மீகானைத் தீயவனாக்குவது அவனுடைய பெருமூளை அன்று, கண்ணீரின்மையும் அன்று. அவன் ஒப்பாகக்கூடியது வீழ்ந்த வானதூதனுக்கே. அத்தகையவன் தான் தேர்ந்ததை முழு அறிவோடு ஒரே முறையில் தேர்ந்துவிடுவதால் பின்னர் மனம் திரும்புவதில்லை என்றும் அக்குவினாஸ் வாதிட்டார். ஒவ்வொரு முறையும் தோற்று, தப்பி, அதே திட்டத்தோடு திரும்பி வரும் மீகான் இதற்கு நல்ல சான்றுபோலத் தோன்றுகிறான். ஆனால் எதிரி திருந்திவிட்டால் அடுத்த வாரம் விற்பதற்குக் கதை இருக்காது என்பதையும் மறந்துவிடலாகாது.

இதற்கு நேர்மாறாக, மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரிஜன், பகுத்தறிவுள்ள படைப்புகள் யாவும் இறுதியில் இறைவனிடம் மீளும் என்ற நம்பிக்கைக்கு இடமளித்தார். அவர் பெயரோடு இணைந்த இந்தக் கருத்து ஆறாம் நூற்றாண்டில் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. மோரிஸ் சார்ந்திருந்த இங்கிலாந்துத் திருச்சபையும் 1553இல் வகுத்த நாற்பத்திரண்டு விதிகளின் கடைசி விதியில், மனிதர் அனைவரும் முடிவில் மீட்கப்படுவர் என்ற கொள்கையைக் கண்டித்தது. ஆனால் 1563இல் விதிகளைத் திருத்தியபோது அந்த விதியை விட்டுவிட்டது. அது மனிதரைப் பற்றிய விதி, வெள்ளிக் கோளின் அரசனைப் பற்றியதன்று என்பது உண்மையே. எனினும் மீகானுக்கு மன்னிப்பின் வாயிலை அடைத்துவைக்குமாறு மோரிஸை அந்த விதிகள் கட்டாயப்படுத்தவில்லை; அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த தொலைக்காட்சித் தொடருக்கு அந்தத் தடை இன்னும் குறைவாகவே இருந்தது, ஆனால் அதுவும் அவனை வில்லனாகவே வைத்துக்கொண்டது.