சிரித்தவர்களை வெளியே அனுப்பிய ஆண்டவர்

நற்செய்தி: மாற்கு 5:21-43



இன்றைய நற்செய்தியில் நோயுற்ற இரண்டு பெண்களைப் பார்த்தோம். ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகள் வைத்தியம் வைத்தியம் என்று அலைந்து, கையிருப்பெல்லாம் கரைந்து, உடம்பு இன்னும் மோசமாகிப்போன பெண். இன்னொருவர் தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் மகள், பன்னிரண்டு வயதுச் சிறுமி. இருவரையும் ஆண்டவர் குணமாக்கினார் என்பது நமக்குத் தெரியும். குணமாக்குவதற்கு முன்னும் பின்னும் அவர் என்னென்ன செய்தார் என்பதை இன்று நிதானமாகப் பார்ப்போம். ஏனென்றால் இந்தத் திருப்பலியை, உடல் பருமனுக்காக அறுவை சிகிச்சைக்குத் தயாராகிறவர்களுக்காகவும், அதைச் செய்துகொண்டு வீடு திரும்பியவர்களுக்காகவும் ஒப்புக்கொடுக்கிறோம்.

இதற்கெல்லாமா பூசை என்று யாருக்கும் தோன்ற வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கும், ஆண்களில் 37 பேருக்கும் எடை அதிகம். எல்லாருக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. ஆனால் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, மூட்டு வலி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது என்று பருமன் ஒரு குடும்பத்தின் நிம்மதியையே பறிக்கும்போது, பலருக்கு அந்த அறுவை உயிர் காக்கும் சிகிச்சையாக இருக்கிறது.

பன்னிரண்டு ஆண்டுகள் அலைந்த அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். நம்மிடையே அவரைப் போன்றவர்கள் உண்டு. விளம்பரத்தில் பார்த்த பவுடர், இடுப்பில் கட்டும் பெல்ட், ஒரு வேளைச் சாப்பாடு, பட்டினி என்று எல்லாவற்றையும் முயன்றவர்கள். பத்து கிலோ குறையும்; ஆறு மாதத்தில் பன்னிரண்டாகத் திரும்பி வரும். மனவுறுதி இல்லாதவர் என்று ஊர் சொல்லும். மருத்துவம் அப்படிச் சொல்வதில்லை. எடை குறையக் குறைய உடம்பு பசியைக் கூட்டுகிறது, செலவழிக்கும் சக்தியைக் குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் பருமனை நாள்பட்ட நோய் என்கிறது. கூட்டத்துக்குள் பின்னால் வந்து மேலாடையைத் தொட்ட அந்தப் பெண்ணை, இத்தனை நாள் என்ன செய்தாய் என்று ஆண்டவர் கேட்கவில்லை. அவர் சொன்ன உண்மை முழுவதையும் நின்று கேட்டார். மகளே என்று அழைத்தார்.

அடுத்து, யாயிரின் வீடு. அங்கே, சிறுமி இறந்துவிட்டாள் என்று அழுதவர்கள், அவள் உறங்குகிறாள் என்று சொன்ன ஆண்டவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் முதலில் செய்த காரியம், சிரித்தவர்களை எல்லாம் வெளியே அனுப்பியது. அதன் பிறகுதான் சிறுமி படுத்திருந்த இடத்துக்குள் நுழைந்தார். கேலி நிற்கும் அறையில் குணமளிக்கும் வேலை தொடங்கவில்லை.

இந்த இடத்தில் தெப்பக்காட்டுக்காரர்களான நமக்கு ஒரு பாடம் கண்ணெதிரே இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு தமிழகக் கோயில்களின் யானைகளை லாரியில் ஏற்றி இங்கே புத்துணர்வு முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். கல்தரையில் ஒரே இடத்தில் நின்று, வருகிறவர் போகிறவர் கொடுத்த பழமும் பொங்கலும் தின்று, பல யானைகள் அளவுக்கு மீறிப் பருத்திருந்தன. அந்த யானைகளை யாராவது தீனிப்பண்டாரம் என்று ஏசினார்களா? எடை பார்த்தார்கள், இரத்தம் பரிசோதித்தார்கள், காலையும் மாலையும் நடக்க வைத்தார்கள், மோயாற்றுக் காற்றையும் பசுந்தீவனத்தையும் கொடுத்தார்கள். இன்றைக்கும் நம் தெப்பக்காடு யானைகள் முகாமில் உணவு மாடத்துக்குப் போய்ப் பாருங்கள். ராகி, கொள்ளு, அரிசி, வெல்லம், உப்பு என ஒவ்வொரு யானைக்கும் அதன் வயதுக்கும் எடைக்கும் உடல்நிலைக்கும் தக்கபடி மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவு உண்டு. பாகன் அந்த உருண்டையைப் பிசைந்து, வாய்க்குள் கையை விட்டு ஊட்டுகிறார். யானைக்குக் காட்டும் இந்த நியாயத்தை, ஆண்டவரின் சாயலில் படைக்கப்பட்ட மனிதருக்குக் காட்ட நமக்கு ஏன் மனம் வருவதில்லை? திருமண வீட்டுப் பந்தியிலும் பேருந்திலும், ஏன், நம் கோவில் வாசலிலும் பருமனான பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பது பாவம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

சிறுமியிடம் போகும்போது ஆண்டவர் பெற்றோரையும் மூன்று சீடரையும் மட்டுமே உடன் அழைத்துப் போனார். அறுவை சிகிச்சைக்குப் போகிறவருக்கும் நம்பிக்கைக்குரிய நாலைந்து பேர் வேண்டும். தயாரிப்பு என்பது தேதி குறிப்பதோடு முடிவதில்லை. இருதயம், சர்க்கரை, தைராய்டு, தூக்கத்தில் மூச்சு எல்லாம் பரிசோதிக்க வேண்டும். புகையிலையைப் பல வாரங்களுக்கு முன்பே அடியோடு விட வேண்டும். அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம் போல, கல்லீரல் சுருங்குவதற்காக மாவுச்சத்தும் கொழுப்பும் குறைத்த உணவு கொடுப்பார்கள். அந்த நாட்களில் டீக்குத் தொட்டுக்கொள்ளும் வர்க்கியை வீட்டில் எல்லாருமே தள்ளி வையுங்கள். மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னால் கோபப்படாதீர்கள். கவலையைச் சாப்பாட்டில் ஆற்றிக்கொள்ளும் பழக்கம் கத்தி பட்டுப் போய்விடாது.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்குப் போன இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அரசு விசாரணை நடத்தி அந்த மருத்துவமனையின் செயல்பாட்டை நிறுத்தி வைத்தது. ஆகவே தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, மயக்க மருத்துவர் யார், அறுவை செய்பவருக்கு இதில் எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேளுங்கள். கேட்பது நோயாளியின் உரிமை. இரைப்பையில் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி எடுக்கும் முறையும் உண்டு. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. குடலை மாற்றி இணைக்கும் முறையும் உண்டு. உங்களுக்கு எது, ஏன் என்று புரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். போவதற்கு முன் ஒப்புரவு அருள்சாதனம் பெறுங்கள். கடுமையான நோய்க்காக அறுவைக்குப் போகிறவர் நோயில்பூசுதலும் பெறலாம். அது சாகப்போகிறவருக்கு மட்டும் என்று பயந்து என்னைக் கூப்பிடாமல் இருக்காதீர்கள்.

சிறுமியின் கையைப் பிடித்து எழுந்திருக்கச் சொன்னார் ஆண்டவர். அவள் எழுந்து நடந்தாள். இந்த அறுவைக்குப் பிறகும் மருத்துவர்கள் அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்க வைப்பார்கள். காலில் இரத்தம் உறையாமல் இருக்க அந்த நடை அவசியம். பாவம், படுத்திருக்கட்டும் என்று இரக்கப்படுவது உதவி அல்ல. கையைப் பிடித்து வராந்தாவில் நடக்க வையுங்கள்.

வீடு திரும்பிய பிறகு காய்ச்சல், இதயம் படபடவென்று அடிப்பது, மூச்சுத்திணறல், வயிற்றிலோ தோளிலோ கடும் வலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, நிற்காத வாந்தி, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நம் ஊரின் நிலைமை உங்களுக்குத் தெரியும். மசினகுடி வழியாக உதகைக்குப் போனால் கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மைசூர் பக்கம் பந்திப்பூர் சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொது வாகனங்களுக்கு மூடப்படும், ஆம்புலன்ஸுக்கு விலக்கு உண்டு. எனவே முதல் ஒன்றிரண்டு வாரம் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே உறவினர் வீட்டில் தங்குங்கள். எந்த நேரத்திலும் வண்டி எடுக்கத் தயாராக இருப்பவர்கள் நம் பங்கில் இருக்கிறார்கள் என்பதை அந்தக் குடும்பம் அறிந்திருக்கட்டும்.

உயிர்த்தெழுந்த சிறுமிக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கும்படி ஆண்டவர் சொன்னார். எவ்வளவு பெரிய அற்புதம் நடந்து முடிந்திருக்கிறது! அதன் பிறகும் அந்தப் பிள்ளையின் வயிற்றை அவர் மறக்கவில்லை. அறுவை முடிந்தவருக்கு அந்த முதல் உணவு, மருந்து அளக்கும் சிறு கோப்பை அளவு தண்ணீர். 30 மில்லி. ஒரே மடக்கில் குடித்தால் நெஞ்சில் அடைத்துக்கொள்ளும். நாக்கு நனைய ஒரு மிடறு, சற்று இடைவெளி, பிறகு இன்னொரு மிடறு. இப்படியே நாள் முழுவதும் குடித்து ஒன்றரை லிட்டரை எட்ட வேண்டும். பிறகு மோர், பருப்புத் தண்ணீர். அதன் பிறகு மசித்த பருப்பு, முட்டை. சில வாரங்கள் கழித்தே நன்றாக மென்று தின்னும் உணவு. புரதம் முதலில், சோறு கடைசியில். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். அரை மணி நேரம் போகட்டும். இரும்பு, கால்சியம், பி12, டி என்று மருத்துவர் எழுதும் மாத்திரைகள் ஆயுள் முழுவதும். மூன்றாம் நான்காம் மாதத்தில் முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப வளரும். பெண்கள் கருத்தரிப்பதை ஒன்று, ஒன்றரை ஆண்டு தள்ளி வைக்க வேண்டும் என்பார்கள். மது முன்னைவிட வேகமாக ஏறும், தொடவே வேண்டாம்.

அறுவை ஒரு நாளில் முடிகிறது. இந்தக் கீழ்ப்படிதல் ஆயுள் முழுவதும் தொடர்கிறது. அதில் தனியாக நிற்பது கடினம். அதனால் திருவிழா விருந்தில் அவர் தட்டில் இரண்டு கரண்டி இருந்தால், இன்னும் கொஞ்சம் என்று ஊட்டிவிடாதீர்கள். நம் அன்பை அளக்க அவருடைய வயிறு வேண்டாம். தவக்காலத்தில் நோயுற்றவருக்கு ஒருசந்திக் கட்டாயம் கிடையாது. அந்த நாளிலும் மருத்துவர் சொன்ன நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நற்கருணையை விழுங்கச் சிரமமானால் சிறு துண்டு போதும். அதிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார்.

கடைசியாக, இதை யாரும் அறியக்கூடாது என்று ஆண்டவர் கண்டிப்பாகச் சொன்னார். ஒருவர் என்ன சிகிச்சை எடுத்தார், எத்தனை கிலோ குறைந்தார் என்பது அவர் சொல்ல விரும்பினால் சொல்லட்டும். நாம் விசாரிக்க வேண்டாம். பரப்பவும் வேண்டாம். எடை மறுபடி கொஞ்சம் ஏறினால் மருத்துவரிடம் திரும்பிப் போக வெட்கப்படாத அளவுக்கு அவருக்கு நம்மிடம் மதிப்பு இருக்கட்டும்.

ஆகவே இந்த வாரம் மூன்று காரியம் செய்வோம். வீட்டில் உடம்பைக் குறித்த கேலிப்பெயர் ஒன்று புழங்கினால், இன்றோடு அதை நிறுத்துவோம். சிகிச்சைக்குப் போகும் குடும்பத்திடம், பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று போய்ச் சொல்வோம். திரும்பி வந்தவரோடு தினமும் பாதுகாப்பான நேரத்தில், யானை வராத பாதையில், அரை மணி நேரம் நடப்போம்.

நோயாளிகளின் கையைப் பிடித்து எழுப்பும் ஆண்டவரே, மருத்துவர்களின் கைகளைத் திடப்படுத்தும், அஞ்சுகிறவர்களுக்குத் துணிவு தாரும், எங்கள் வாய்க்குக் காவல் வையும். ஆமென்.