பிலவாயிலின் வினா

இவ்வுலகச் சிறுவர் ஒரு கதவையோ குகையையோ கடந்து வேறோர் உலகினுள் புகுந்து மீளும் கதைகளை வாயில்வழி மிகுபுனைவு எனலாம். இளையோர் இலக்கியத்தில் இவ்வகைக்கு உலகறிந்த சான்று, சி. எஸ். லூயிஸின் நார்னியா வரிசையில் 1950ஆம் ஆண்டு வெளிவந்த முதல் நாவல். அதன் நிறைகுறைகளைக் கற்பனை வளம் ஒன்றைக் கொண்டு அளந்துவிட இயலாது. மறு உலகம் ஒன்று உண்டெனில் அது இவ்வுலகின் அறவாழ்வுக்கு எதைத் தருகிறது என்னும் சமய வினா அதனுள் பொதிந்திருக்கிறது. அவ்வினாவைத் தமிழ் மரபு ஒரு பிலத்தின், அதாவது மலைக்குகை வழியின், வாயிலில் வைத்து முன்பே ஆராய்ந்துள்ளது.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்குச் செல்லும் கோவலன், கண்ணகி, சமணத் துறவியான கவுந்தியடிகள் ஆகியோருக்கு மாங்காட்டு மறையவன் மூன்று வழிகளைக் காட்டுகிறான். வலப்புற வழி, இன்று வேடசந்தூர்ச் சமவெளியிலிருந்து திண்டுக்கல் வழியாகத் தெற்கே செல்வோர் காணும் சிறுமலையைச் சார்ந்தது. அங்கே வாழையும் தெங்கும் மாவும் பலாவும் செறிந்த வளமே பேசப்படுகிறது. இடப்புற வழியிலோ, திருமால்குன்றமாகிய அழகர்மலையின் பிலத்தினுள் மூன்று பொய்கைகள் உள்ளன: புண்ணிய சரவணத்தில் மூழ்கினால் ஐந்திரம் என்னும் இலக்கண நூலறிவும், பவகாரணியில் மூழ்கினால் பழம்பிறப்பு உணர்வும், இட்டசித்தியில் மூழ்கினால் நினைத்த பேறும் கிட்டும். வாயிலைக் காக்கும் வரோத்தமை என்னும் தெய்வமகள் இம்மை இன்பம் யாது, மறுமை இன்பம் யாது, இரண்டையும் கடந்து நிலைப்பது யாது என வினவி, விடை கூறுவோர்க்கே கதவைத் திறப்பாள். கவுந்தியடிகளோ அவ்வழியை மறுக்கிறார். நூலறிவு அருகன் அருளிய ஆகமத்தில் உண்டு, முற்பிறப்பின் வினை இப்பிறப்பிலேயே தெரிகிறது, வாய்மை தவறாது உயிர்களைப் பேணுவோர்க்கு எய்த அரிய பொருள் எதுவுமில்லை என்பது அவர் வாதம். மூவரும் நடுவழியே செல்கின்றனர்.

கவுந்தியின் இவ்வாதத்தை உரைகல்லாகக் கொண்டால் லூயிஸின் நாவல் இருவேறாகத் தோன்றுகிறது. உடையலமாரியின் வழியே நார்னியா என்னும் பனியுலகைக் கண்டு திரும்பிய சிறுமி லூசியை உடன்பிறந்தோர் நம்ப மறுக்கையில், அவள் பொய் சொல்பவளல்லள், பித்துற்றவளும் அல்லள், ஆகவே அவள் சொல்வது மெய் என முதிய பேராசிரியர் முடிவுசெய்கிறார். நம்பத்தக்கவரின் சொல்லை அறிவுக்கு வாயிலாகக் கொள்ளும் உரையளவை என்னும் நெறியைக் குழந்தையின் சொல்லுக்கும் பொருத்திக் காட்டியது நாவலின் பெருஞ்சிறப்பு. இனிப்புக்கு மயங்கி உடன்பிறந்தோரைக் காட்டிக்கொடுக்கும் எட்மண்டின் வீழ்ச்சி, சிறு ஆசையிலிருந்து பெருந்தீமை விளைவதை அறிவுரையின்றி உணர்த்துகிறது.

எனினும், எட்மண்டின் பிழைக்காக அஸ்லான் என்னும் சிங்கம் தானே உயிர்துறந்து மீண்டெழுகிறது. இது மானிடர் பாவத்தைக் கிறிஸ்து ஏற்றார் என்னும் நம்பிக்கையின் சாயல். வினை செய்தவனையே வந்தடையும் என்னும் நெறியில் வளர்ந்த வாசகருக்கு இது அயலானது, ஆயினும் அயன்மை குறையாகாது. குறை வேறிடத்தில் உள்ளது. உடன்பிறந்தோரான சிறுவர் நால்வரும் நார்னியாவில் அரசாண்டு வளர்ந்து, மீளும்போது காலம் நகராதிருக்கப் பழைய சிறுவராகவே நிற்கின்றனர். வாழ்ந்த வாழ்வுக்கு இவ்வுலகில் விளைவில்லை. அஸ்லானை அங்கு அறிந்தவர் இங்கு வேறு பெயரில் அறிய வேண்டும் என்று 1952ஆம் ஆண்டு நூல் இதற்கு விடை கூற முயன்றாலும், 1956ஆம் ஆண்டின் இறுதி நூல் இவ்வுலகை மெய்யுலகின் வெறும் நிழலாக்கிவிடுகிறது. மணிமேகலைக் காப்பியத்தின் நாயகியான மணிமேகலையோ மணிபல்லவத் தீவில் பழம்பிறப்பை உணர்ந்து, அமுதசுரபி என்னும் பாத்திரத்தோடு புகாருக்கு மீண்டு பசித்தோர்க்கு உணவிடுகிறாள். அற்புதத்தின் பயன் இப்புறத்தே விளைவதால் அவளுடைய பயணம் தப்புதலாகாமல் அறமாகிறது.

நார்னியா வரிசையில் வரும் கலோர்மேனியர் என்னும் இனத்தவரைத் தலைப்பாகை அணிந்த கருநிற மக்களாகக் காட்டி, அவர்களுள் பெரும்பாலோரைக் கொடியவராக்கியது லூயிஸின் மற்றொரு குறை. ஆயினும் இறுதி நூலில் அவர்களுள் ஒருவனான எமெத், டாஷ் என்னும் வேறு தெய்வத்தை மெய்யன்போடு வழிபட்டும் அஸ்லானால் ஏற்கப்படுகிறான். எபிரேய மொழியில் எமெத் என்னும் பெயருக்கு உண்மை என்பது பொருள். வாய்மை தவறாதார்க்கு எய்தாதது இல்லை என்ற கவுந்தியின் கூற்றில் முற்பாதியை லூயிஸ் இவ்விடத்தில் தம் வழியே வந்தடைகிறார். உயிர்களைப் பேணுதல் என்னும் பிற்பாதிக்கு இப்புற உலகம் வேண்டும். இவ்வுலகை நிழலென்று கழித்துவிட்ட இறுதி நூலில் அப்பிற்பாதிக்கு இடமில்லாமற் போயிற்று.